லுமோ ஏரி மதகில் தொங்கும் பூட்டின் மீது புகார்

அனுப்புநர்
கெல்மு யாங்ஜும் ஷெர்பா,
ஊர்ப் பொதுச்சபைக்காக,
பெமாதிங் மேல்கிராமம்,
தொர்லுங் மாவட்டம், நேபாளம்.

பெறுநர்
மாவட்டத் தலைமை அதிகாரி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்,
தொர்லுங்.

பொருள்: லுமோ ஏரியின் வடிகால் மதகில் போடப்பட்டுள்ள பூட்டை மழைக்கு முன் அகற்றக் கோருதல் – காவலில் உள்ள எங்கள் நாவா உர்கென் சோதரை விடுவிக்கக் கோருதல் – உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தல் – தொடர்பாக.

பார்வை: பனி ஏரி அபாயத் தணிப்புத் திட்டப் பிரிவு மங்சிர் மாதம் அனுப்பிய, விளக்கம் கேட்கும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட அறிவிப்பு மங்சிர் மாதம் தங்கள் ஊரில் கையெழுத்தாகி, கணவாயில் பனி விலகும்வரை காத்திருந்து, பாகுன் மாதம் எங்கள் கைக்கு வந்தது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் எங்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அப்படிக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதை நேரில் சொல்வதற்காக மாவட்டத் தலைநகருக்கு நடந்து வந்த எங்கள் நாவா உர்கென் சோதர், போன மாதமான பைசாக் முதல் தங்கள் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறார். வாயால் சொன்ன விளக்கம் அவரோடு அங்கேயே தங்கிவிட்டபடியால், எழுத்தில் ஒன்றை அனுப்புகிறோம். இதைக் காவலில் வைப்பது சுலபம். சாப்பாடு போட வேண்டியதில்லை.

2. அறிவிப்பில் அவரை “தன்னைத்தானே அதிகாரி என்று கூறிக்கொள்ளும் நபர்” என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். இதை முதலில் திருத்த விரும்புகிறோம். நாவா என்பது ஆண்டுதோறும் டும்ஜி திருவிழாவில் வீடு மாறும் ஊர்ப்பொறுப்பு. கிழங்குக் காடுகளை மாடுகளுக்கு எப்போது அடைப்பது, யாக்குகளை எந்த நாளில் மேய்ச்சலுக்கு மேலே ஏற்றுவது, வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எப்போது என்பதையெல்லாம் நாவா சொல்ல வேண்டும். கேட்காதவருக்கு அபராதம் விதிக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் சொந்தக்காரர்களின் வசவு உண்டு. முறை வந்த வீடு தட்டிக்கழிக்க முடியாது என்ற ஒரே காரணத்தால்தான் இந்தப் பதவி இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைத் தானாக எடுத்துக் கூறிக்கொள்ளும் மனிதர் எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

3. திட்டப் பிரிவு செய்த வேலைக்கு நாங்கள் நன்றியற்றவர்கள் அல்லர். முன்பு எங்கள் தலைக்கு மேல் ஏரி வளர்ந்துகொண்டிருந்தது, கேட்பாரில்லை. பனிப்பாறை தள்ளிக்கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும்தான் அதற்குக் கரை. அந்தக் கரையில் கால்வாய் வெட்டி, கல் பாவி, கம்பிக்கூடைகளில் பாறை நிரப்பி அடுக்கி, நான்கு இரும்பு ஷட்டர்களை நிறுத்தி, ஏரியை மூன்று மீட்டர் இறக்கினார்கள். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில், இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று வெட்டியவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். கூலியைக் குறைசொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. வேலை நல்ல வேலை. அதனால்தான் அது பாதியில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

4. பாதி என்று சொல்வது நாங்கள் அல்ல, பொறியாளர் திரு. நிரௌலா. வேலை முடிந்தபோது விதிப்படி ஊர்க்கூட்டம் போட்டு, எங்களுக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினார். கரையின் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டி இருக்கிறது; அது உருகினால் கரை உட்காரும்; மேலே தொங்கும் பனிப்பாறை உடைந்து ஏரியில் விழுந்தால் அலை எழுந்து கரையைத் தாண்டும்; ஆகவே ஏரி இன்னும் பல மடங்கு இறங்க வேண்டும் என்றார். அப்போது கடை வைத்திருக்கும் நிமா புட்டி எழுந்து கேட்டது இன்றும் ஊரில் பேசப்படுகிறது.

“அப்ப இப்ப எறக்குனது எதுக்கு சார்?”

“இது முதல் கட்டம்மா. மொத்தம் அஞ்சு கட்டம். நிதி வர வரச் செய்வோம்.”

“நல்லது சார். ஒவ்வொரு கட்டமாத்தான் ஒடையணும்னு ஏரிக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டீங்களா?”

பொறியாளர் சிரித்தார். சிரித்தாரே தவிர, சொல்லிவிட்டோம் என்று பொய் சொல்லவில்லை. அவரை நாங்கள் நேர்மையானவர் என்று கருதுவதற்கு இது ஒரு காரணம். ஏரிக்கரையில் ‘அபாயம் நீங்கியது’ என்று எழுதிய பலகையை நட்டவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறோம். பலகையின் கால் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

5. இனிப் பூட்டுக்கு வருகிறோம். நான்கு ஷட்டர்களையும் தூக்கும் சக்கரங்களை ஒரே சங்கிலியால் பிணைத்துப் பூட்டியிருந்தார்கள். ஏரியைத் திருடிக்கொண்டு போவார்கள் என்ற அச்சமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் திறப்பு விழாவில் ஹெலிகாப்டரில் வந்திறங்கிய துணை அமைச்சர், வெண்பட்டுத் துண்டின் மேல் ஒரு பெரிய சாவியை வைத்து, புகைப்படக்காரர்கள் முன்னிலையில் ஊரின் கையில் கொடுத்தார். “இன்றுமுதல் இந்த ஏரியின் பாதுகாப்பு உங்கள் கையில்” என்று உரையாற்றினார். நாங்கள் அதை நம்பினோம். எங்கள் தவறு என்று எதையாவது எழுத வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளலாம்.

ஊருக்குப் பொதுவான பொருட்களை எங்கள் புத்தக் கோயிலான கோம்பாவில் வைப்பது வழக்கம். வாய்க்கால் அளவுகோலும் பொலிகாளையின் கயிறும் அங்கேதான் இருக்கின்றன. முறை வரும் நாவா கேட்டு எடுத்துக்கொள்வார். அமைச்சர் தந்த சாவியையும் அங்கேயே, புத்தர் சிலைக்கு முன்னால் வைத்தோம். லாமா ங்கவாங் தென்சின் அதற்கும் சேர்த்து நாள்தோறும் வெண்ணெய் விளக்கு ஏற்றினார். அது எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, புகைப்படத்துக்காக வார்த்த பித்தளை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. உண்மையான சாவி தலைநகரில் திட்டப் பிரிவின் இரும்பு அலமாரியில் இருப்பதாகப் பிறகு அறிந்தோம். திட்டப் பிரிவு தன் கடிதத்தில் எங்களுடையதை ‘அடையாளச் சாவி’ என்கிறது. பூட்டும் அடையாளப் பூட்டாக இருந்திருந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது.

6. சென்ற மழைக்காலத்தில், சாவன் மாதம் நடந்ததை, அறிவிப்பில் கேட்டபடி வரிசையாகத் தருகிறோம். அடைமழை பிடித்துக்கொண்டிருந்தது. மேலே பனிப்பாறையின் ஒரு துண்டு உடைந்து ஏரியில் விழுந்தது. அலை ஷட்டர்களின் தலைக்கு மேல் தாண்டியதாகவும், கால்வாயின் பக்கக் கரையைத் தண்ணீர் அரிப்பதாகவும் மேய்ச்சலில் இருந்தவர்கள் ஓடிவந்து சொன்னார்கள்.

மதகுக் காவலர் டேக் பகதூர் அங்கே இல்லை. அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் மதகடியில் இருந்தார் என்பதற்கு அத்தாட்சியாக, மாதந்தோறும் தலைநகருக்கு நேரில் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. போக வர நடைவழி. ஆகவே தாம் அங்கே இருப்பதை நிரூபிப்பதற்காக அவர் மாதத்தில் பாதி நாள் அங்கே இல்லாமல் இருக்கிறார்.

பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய மேட்டில் ஏறினால் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். நான் ஏறித் திட்டப் பிரிவை அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார்.

“மதகு தெறக்கணும்னா எழுத்துல குடுங்க மேடம். மேலிடத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கணும்.”

“எழுதறேன் சார். ஆனா என் கடுதாசிக்கு முன்னாடி ஏரி அங்க வந்துரும்.”

“அப்படிலாம் பேசக்கூடாது மேடம். விதின்னு ஒண்ணு இருக்குல்ல.”

அடுத்தபடியாகக் கீழூர்களை அழைத்து ஆற்றோரத்தை விட்டு மேலே ஏறச் சொன்னேன். கோம்பாவில் நீளக்கொம்பு ஊதினார்கள். உர்கென் சோதர் சாவியைத் துண்டோடு எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, ஊர் அவர் பின்னால் ஏறியது. மதகடியில் நடந்த பேச்சு இது:

“என்னண்ணே, சுத்தலியா?”

“உள்ளயே போக மாட்டேங்குது. எங்கேருந்து சுத்தறது?”

“தலகீழா வச்சிருப்பீங்க.”

“இதுக்குத் தல எது வால் எதுன்னு நீயே வந்து காட்டுடா.”

குளிரில் பூட்டு இறுகியிருக்கும் என்று ஒருவர், தேநீருக்காக மடியில் வைத்திருந்த வெண்ணெய்க் கட்டியை எடுத்துச் சாவியில் தடவினார். பூட்டிலும் தடவினார். மூச்சை ஊதிச் சூடாக்கினோம். அப்போதும் போகவில்லை. ஏரியில் இருக்கும் நாகினிக்கு நம்மேல் கோபம், விளக்கு ஏற்றத் தவறியிருப்பார்கள் என்று யாரோ சொல்ல, பின்னால் மூச்சு வாங்கியபடி வந்துசேர்ந்த லாமா சத்தம் போட்டார்.

“ஒரு நாள்கூட வெளக்கு தவறல! கொறை சாவில இருக்கு. அத கொண்டுபோய் சாமி மேல போடாதீங்க!”

ஐயா, தண்ணீர் கரையை அரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஊரே கூடி ஒரு பித்தளைத் துண்டுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தது. அமைச்சர் கொடுத்த சாவி பொய்யாக இருக்கும் என்று நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களையே குறை சொல்லிக்கொண்டோம், குளிரைக் குறை சொன்னோம், தெய்வத்தையும் குறை சொன்னோம். அந்த நேரத்துக்குள் யாக் பட்டி அகலத்துக்குக் கரை சரிந்தது. சரிந்த இடத்தில், மண்ணுக்குள்ளே, கறுத்த பனிக்கட்டி தெரிந்தது. பொறியாளர் கூட்டத்தில் சொன்னது இதுதான் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. உர்கென் சோதர் சாவியைத் துண்டில் சுற்றி லாமாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பாறைக்கல்லைத் தூக்கிப் பூட்டை உடைத்தார்.

சக்கரங்களை மாறி மாறிச் சுற்றினோம். நான்கு ஷட்டர்களும் ஏறின. இருட்டுவதற்குள் தண்ணீர் கரையை விட்டுக் கால்வாய்க்குள் இறங்கியது. பயிற்சியற்றவர்கள் மதகை இயக்கினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு எங்கள் பதில்: அந்த ஷட்டர்களைத் தூக்கி நிறுத்தி மாட்டியவர்களும் நாங்கள்தான். அன்றைக்கு நாங்கள் பயிற்சி பெற்றவர்களா என்று யாரும் கேட்கவில்லை.

7. அனுமதியின்றித் திறந்ததால் வெள்ளம் வந்து கீழே இருந்த நடைபாலம் அடித்துச் செல்லப்பட்டது என்றும், அந்த நட்டத்துக்கு உர்கென் சோதர் பொறுப்பு என்றும் அறிவிப்பு கூறுகிறது. பாலம் போனது உண்மை. அப்போது பாலத்தில் யாரும் இல்லை என்பதும் உண்மை. அது அறிவிப்பில் விடுபட்டிருக்கிறது. கரை போயிருந்தால் பாலத்தைப் பற்றி விளக்கம் கேட்க இங்கே ஆள் இருந்திருக்காது. திட்டப் பிரிவின் வேலை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

8. அறிவிப்பின் நான்காம் பத்தி, அரசு ஊழியரை மிரட்டி மது பெற்றதாகக் கூறி, அப்போது பேசப்பட்ட சொற்களைச் சொன்னபடியே எழுதித் தரக் கேட்கிறது. அப்படியே தருகிறோம்.

பூட்டை உடைத்த அடுத்த மாதம், பதௌவில், பொறியாளர் நிரௌலா புதிய பூட்டுடன் வந்தார். பழையதைவிடப் பெரியது, கைக்குழந்தையின் கனம். பொதுத் தண்ணீர் இறங்கும் வழியை அடைப்பவர், யாராக இருந்தாலும், ஒரு குடம் பார்லிக் கள்ளும் ஒரு வெண்பட்டுத் துண்டும் கொண்டுவந்து, சபை முன்னால் ‘இனி அடைக்கமாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். இதுவே எங்கள் அபராதம். நாவா என்ற முறையில் உர்கென் சோதர் அதைக் கேட்டார்.

“இது எந்தச் சட்டத்துல இருக்கு?” என்றார் பொறியாளர்.

“தண்ணி முறை நாங்க பாக்கறது சார். போன வருஷம் என் மச்சான் கொடம் வச்சான். அவன் அடைச்சது ஒரு கெழங்குக்காட்டு வாய்க்கா. நீங்க அடைச்சது ஏரி. நியாயமா பாத்தா இருவது கொடம் வைக்கணும். வெளியூர்க்காரர், பாவம்னு ஒண்ணோட விட்டிருக்கோம்.”

“நான் அரசாங்க ஊழியர்ங்க.”

“தெரியும் சார்,” என்றார் நிமா புட்டி. “அதனாலதான் கடனுக்கு ஊத்தறேன்.”

மிரட்டல் என்று சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொறியாளர் சிரித்துவிட்டுக் குடம் வைத்தார். சபையோடு உட்கார்ந்து குடித்தார். நிமா புட்டியின் கிழங்கு அடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ‘இனி அடைக்கமாட்டேன்’ என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பூட்டைப் பற்றியும் அதைப் போடச் சொன்னவர்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னார். சொன்னபடியே எழுத வேண்டும் என்பது உத்தரவானாலும், அந்த ஒரு வாக்கியத்தை எழுதினால் அவருக்கு இடமாற்றம் வரும் என்பதால் விட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் அவரே மேலே போய்ப் புதிய பூட்டைப் போட்டார். போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

9. இந்த ஜேட் மாதம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வந்திருக்கிறது. “எக்காலத்திலும் எச்சூழ்நிலையிலும் மதகைத் தொடமாட்டோம்” என்று வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும். இட்டால் உர்கென் சோதர் விடுவிக்கப்படுவார், இரண்டாம் கட்ட வேலைக்கும் பரிந்துரை செய்யப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். பொதுச்சபை கூடியது. தங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. கையெழுத்திடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

“வெறும் கையெழுத்துதான? போட்டுட்டு மனுசன கூட்டிட்டு வந்துரலாம். மழ வந்தா அப்பப் பாத்துக்குவோம்.”

இதற்குப் பதில் சொல்லும் உரிமை உர்கென் சோதரின் மனைவி ஆங் டிக்கிக்கு இருந்ததால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“அப்பப் பாக்கறதுன்னா என்ன? போட்ட கையெழுத்த மீறினா பொய்யனுங்களா ஆவோம். மீறாட்டி பொணமாவோம். ரெண்டுல எது வேணும் உங்களுக்கு?” என்றார். பிறகு, “அவரு வெளிய வந்தா எங்க வருவாரு? வீட்டுக்குத்தான. வீடு இருக்கணும்ல?” என்றார்.

பத்திரத்தை அப்படியே மடித்து வைத்தோம். மறுவாரம் கோவேறு கழுதைகளோடு உப்பு ஏற்றி வந்தவரிடம் உர்கென் சோதர் சொல்லியனுப்பிய செய்தி வந்தது. அதையும் தருகிறோம், இதில் அரசுக்கு எதிரானது எதுவும் இல்லை, உருளைக்கிழங்கைப் பற்றியதைத் தவிர.

“கையெழுத்துப் போடாதீங்க. இங்க ஒரு கொறையும் இல்ல, கெழங்குதான் வாய்ல வைக்க முடியல. கொழந்தைக்குப் பல்லு வந்துச்சா? தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு சொல்லியனுப்புங்க.”

குழந்தைக்குப் பல் வந்துவிட்டது. தண்ணீர் நிற்கும் கோட்டைத் தங்களுக்கும் சொல்கிறோம். மதகுத் தூணில் பொறியாளர் மூன்று சிவப்புக் கோடுகள் வரைந்திருக்கிறார். சென்ற ஆண்டு ஜேட் மாதம் தண்ணீர் முதல் கோட்டுக்குக் கீழே இருந்தது. இந்த ஆண்டு, மழை ஒரு துளியும் விழாதபோதே, இரண்டாம் கோட்டைத் தாண்டிவிட்டது. ஏரி யாருடைய பரிந்துரைக்கும் காத்திருக்கவில்லை.

10. ஆகவே எங்கள் கோரிக்கைகள்: பூட்டைக் கழற்றுங்கள். இல்லை, பூட்டு இருந்தே தீர வேண்டும் என்றால், திறக்கும் சாவியை இந்த ஊரில் வையுங்கள். எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியும். உர்கென் சோதரை வீட்டுக்கு அனுப்புங்கள். டேக் பகதூரின் வருகையை அவர் இருக்கிற இடத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் கட்ட வேலையை எங்கள் கையெழுத்துக்குக் கூலியாகப் பேரம் பேசாமல், அது தேவை என்று உங்கள் பொறியாளரே சொன்ன காரணத்துக்காகத் தொடங்குங்கள். கல் சுமக்க ஆள் தேவைப்பட்டால் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

11. இந்த மனுவை ஏற்காமல் போகலாம் என்பதையும் நாங்கள் யோசித்திருக்கிறோம். அப்படியானால் நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்று கருதுகிறோம்.

நாவா ஊரில் இல்லாதபோது முறைப்படி அடுத்த வீடு பொறுப்பேற்க வேண்டும். அடுத்த வீடு என் வீடு. என் கணவர் மலையேறும் குழுக்களுக்குச் சமைக்கப் போயிருப்பதால், பைசாக் மாதம் முதல் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. தண்ணீர் மூன்றாம் கோட்டைத் தொடும் நாளில் அந்தப் பூட்டு அங்கே இருந்தால், நான் அதை அறுப்பேன். கல்லால் அடித்தால் சக்கரத்துக்குச் சேதம் வரலாம், அது அரசுச் சொத்து. ஆகவே இரும்பு அறுக்கும் வாள் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன் கீழூர்களுக்குச் சொல்லிவிடுவோம். கொம்பு ஊதப்படும். திட்டப் பிரிவையும் அழைப்பேன், அனுமதிக்காக அல்ல, தகவலுக்காக.

குற்றம் செய்தவரைத் தேடி அலுவலர்கள் அலைய வேண்டாம் என்பதற்காக என் முழுப்பெயரும் குடியுரிமை எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன. ஓடிப்போக மாட்டேன். கிழங்கு எடுக்கும் பருவம் வருகிறது, எனக்கு நேரமில்லை.

என்னை அழைத்துச் சென்றால் பொறுப்பு நிமா புட்டியின் வீட்டுக்குப் போகும். அவரை அழைத்துச் சென்றால் லாமாவின் தம்பி வீட்டுக்கு. அதற்கடுத்த வீடுகளின் வரிசையைத் தனித்தாளில் எழுதித் தரவும் தயார். எந்த வீடும் தட்டிக்கழிக்காது. அது வழக்கமில்லை என்பதை இரண்டாம் பத்தியில் விளக்கியிருக்கிறேன். ஆங் டிக்கியின் வீட்டுக்கு முறை திரும்பி வருவதற்குள் அந்தக் குழந்தை வாள் பிடிக்கும் வயதுக்கு வந்திருக்கும். அதற்குள் ஐந்து கட்டங்களும் முடிந்திருக்க வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம்.

ஐயா, எங்களிடம் வீடுகள் நிறைய இருக்கின்றன. நாட்கள்தான் இல்லை. ஆவன செய்யுங்கள், செய்யாவிட்டால் நாங்கள் செய்கிறோம்.

இணைப்பு: உறுதிமொழிப் பத்திரம், ஒரு கையெழுத்தும் இல்லாமல், வந்தபடியே.

நாள்: விக்ரம் சம்வத் 2081 ஜேட் 19
இடம்: பெமாதிங் மேல்கிராமம்

தங்கள் பதிலைவிட மழையை முதலில் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
கெல்மு யாங்ஜும் ஷெர்பா
குடியுரிமை எண் 4417/208
நாவா (பொறுப்பு)